36 பொத்தான், 4 நிறம்: டிவிடி மெனுவுக்கு மென்பொருள் தேடுவோர் கேட்க மறக்கும் கேள்வி

திருமண வீடியோவானாலும் நாட்டிய அரங்கேற்றமானாலும் கும்பாபிஷேகமானாலும், பதிவான வட்டைப் பிளேயரில் போட்டவுடன் திரையில் முதலில் வந்து நிற்கும் பக்கத்துக்கு மெனு என்று பெயர். அந்தப் பக்கத்தை வடிவமைத்து, அதிலுள்ள ஒவ்வொரு பொத்தானையும் படத்தின் உரிய இடத்தோடு இணைத்து, எல்லாவற்றையும் பிளேயருக்குப் புரியும் கோப்புகளாக்கித் தரும் வேலை ஆத்தரிங் எனப்படுகிறது. காட்சிகளை வெட்டி ஒட்டும் எடிட்டிங் இதற்கு முந்தியது; வெற்று வட்டில் பதிக்கும் ரைட்டிங் இதற்குப் பிந்தியது; நடுவில் நிற்கும் இந்த வேலைக்கென்று தனி மென்பொருள்கள் உண்டு, அவற்றின் விலை இலவசத்தில் தொடங்கிப் பல்லாயிரம் டாலர் வரை இருந்திருக்கிறது. பென் டிரைவும் யூடியூப் இணைப்பும் வந்த பிறகும் இந்தக் கலை முற்றிலும் ஒழிந்துவிடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், பென் டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினால் வருவது கோப்புப் பெயர்களின் பட்டியல் மட்டுமே என்பதுதான். வீட்டுப் பெரியவர் ஒருவர் ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி, விளக்கேற்றிய ஒரு பக்கத்திலிருந்து முகூர்த்தத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வட்டில்தான் இருக்கிறது.

மென்பொருள் வாங்க முனைவோர் பெரும்பாலும் விலையையும் வார்ப்புருக்களின் எண்ணிக்கையையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். விலை கூடக் கூட வட்டின் தரமும் கூடும் என்று எண்ணுவது இயல்பே என்றாலும், டிவிடியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெருமளவு தவறானது. இலவச மென்பொருளும் ஆயிரம் டாலர் மென்பொருளும் கடைசியில் உருவாக்குவது ஒரே அமைப்புள்ள ஒரே கோப்புறையைத்தான்: படமும் ஒலியும் மெனுவும் பின்னிக் கிடக்கும் விஓபி கோப்புகள், எது எங்கே இருக்கிறது என்று பிளேயருக்குச் சொல்லும் ஐஎஃப்ஓ கோப்புகள், வட்டில் கீறல் விழுந்தால் உதவுவதற்காக அவற்றின் நகலாக வைக்கப்படும் பியூபி கோப்புகள். அவற்றைப் படிக்கும் பிளேயருக்கு அவை எந்த மென்பொருளில் பிறந்தவை என்பது தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அப்படியானால் கூடுதல் விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண, டிவிடி விதிமுறை மெனுவை எவ்வாறு வரையறுக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

டிவிடி வீடியோ பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அந்தக் காலத்துச் சில்லுகளின் திறனுக்கு ஏற்ப எழுதப்பட்ட விதிமுறைதான் இன்றளவும் நடப்பில் உள்ளது. அதன்படி மெனுவின் பின்னணி என்பது எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்ட ஒரு நிலைப்படம் அல்லது ஓடும் வீடியோ. அதன்மேல் துணைப்படம் எனத்தக்க மெல்லிய படலம் ஒன்று விரிக்கப்படுகிறது. திரைப்படங்களின் வசன எழுத்துகளைக் காட்டுவதும் இதே படலம்தான். இந்தப் படலத்தில் புள்ளிகள் நான்கே வகை, ஆகவே ஒரே நேரத்தில் நிறங்களும் நான்குதான்; அந்த நான்கும் 16 நிறங்கள் கொண்ட ஒரு தட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒளிபுகும் அளவை 16 படிகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டை அழுத்தும்போது ஒரு பொத்தான் ஒளிர்வதாகத் தோன்றுகிறதே, அப்போது நடப்பது அந்தப் பொத்தானுக்குரிய செவ்வகத்துக்குள் படலத்தின் நிறங்கள் மாற்றப்படுவது மட்டும்தான்.

பொத்தான் என்று ரசிகர் காணும் பூவேலைச் சட்டமோ புகைப்படமோ பின்னணியின் பகுதியே தவிர, விதிமுறையின் கண்ணில் அது பொத்தான் ஆகாது. விதிமுறைக்குப் பொத்தான் என்பது ஒரு செவ்வகத்தின் நான்கு எல்லைகள், மேல் கீழ் இடம் வலம் என்ற நான்கு திசைகளிலும் அடுத்து எந்தப் பொத்தானுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, தேர்ந்தெடுத்தால் செய்ய வேண்டியதைச் சொல்லும் 8 பைட் நீளமுள்ள ஒரே ஒரு கட்டளை, இவ்வளவே. ஒரு பக்கத்தில் இத்தகைய பொத்தான்கள் 36 வரை இருக்கலாம். அகலத்திரைக்குச் செய்த மெனுவைப் பழைய சதுரத் திரையிலும் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு காட்ட வேண்டியிருந்தால், இரண்டு அமைப்புக்கும் தனித்தனியே செவ்வகங்களைக் குறிக்க வேண்டியிருப்பதால் அந்த எண்ணிக்கை 18 ஆகிவிடும். குடும்ப நிகழ்ச்சி வட்டுக்கு 18 என்பதே மிகுதி. ஆறு பொத்தானுக்கு மேல் வைத்த மெனுவில் ரிமோட் பிடித்தவர் வழி தவறுவதை எந்த ஸ்டூடியோக்காரரும் அறிவார்.

பிளேயருக்குள் ஒரு சிறு கணிப்பொறியே ஒளிந்திருக்கிறது என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். மெனுவை உருவாக்குவோர் பயன்படுத்திக்கொள்ள 16 பொது நினைவறைகளும், மொழி, ஒலித்தடம், தற்போதைய பொத்தான் முதலியவற்றைப் பிளேயரே குறித்துவைக்கும் 24 அமைப்பு நினைவறைகளும் அதில் உண்டு. இவற்றின் பயன் ஓர் எளிய தேவையிலேயே விளங்கிவிடும். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று நான்கு பகுதிகளும் ‘முழுவதும் காண்க’ என்ற ஐந்தாவது பொத்தானும் உள்ள ஒரு மெனுவை எடுத்துக்கொண்டால், முகூர்த்தத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவருக்கு அது முடிந்ததும் மெனு திரும்பி வர வேண்டும். முழுவதும் காண விரும்பியவருக்கோ அதே முகூர்த்தம் முடிந்ததும் வரவேற்பு தொடர வேண்டும். ஒரே படத்துண்டு, இரண்டு முடிவுகள். இதைச் சாதிக்க, ஐந்தாவது பொத்தானை அழுத்தும்போது ஒரு நினைவறையில் 1 என்று எழுதிவைத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் அதைப் பார்த்து வழி பிரிக்கலாம். அல்லது அதே படத்துண்டுகளை வேறு வரிசையில் ஓடவிடும் இன்னொரு நிரல் சங்கிலியை, அதாவது எந்தத் துண்டுக்குப் பின் எது என்று கூறும் பட்டியலை, உருவாக்கலாம். இரண்டில் எதையும் செய்ய இடம் தராத மென்பொருள் எவ்வளவு அழகிய வார்ப்புருக்களை வைத்திருந்தாலும், தனக்கென மெனு செய்ய நினைப்பவருக்குப் பயன்படாது.

கூடுதல் விலைக்கான விடை இங்கேதான் இருக்கிறது. பணம் வாங்கித் தருவது வட்டின் தரத்தை அன்று. இந்தச் செவ்வகங்கள், நினைவறைகள், கட்டளைகள் ஆகியவற்றை மறைத்துவைக்கும் திரையை. திரை தடிமனாக இருந்தால் வேலை எளிது, ஆனால் கைக்கு எட்டுவது குறைவு. திரையே இல்லாவிட்டால் எல்லாம் எட்டும், ஆனால் விதிமுறையைக் கற்றாக வேண்டும். விலையோ இந்தத் தடிமனைச் சார்ந்தே ஏறி இறங்குவதில்லை என்பதுதான் சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு வாய்ப்பு.

தொடக்கத்தில் நிலைமை வேறு. 1990களின் கடைசியில் ஹாலிவுட் படங்களின் வட்டுகளுக்குப் பயன்பட்ட சினாரிஸ்ட் போன்ற அமைப்புகள் தனி வன்பொருளோடு சேர்ந்து பல்லாயிரம் டாலர் விலையில் விற்றன. வாங்குவோர் ஆய்வகங்களும் பெரிய ஸ்டூடியோக்களுமே. 2001இல் ஆப்பிள் நிறுவனம் டிவிடி எழுதும் கருவியைக் கணினியிலேயே பொருத்தி, வீட்டில் பயன்படுத்துவோருக்கு ஐடிவிடி என்ற மென்பொருளை உடன் கொடுத்தது; தொழில்முறையாளருக்கு அதே ஆண்டில் சுமார் 1,000 டாலர் விலையில் டிவிடி ஸ்டூடியோ புரோவை வெளியிட்டது, 2003இல் அதன் இரண்டாம் பதிப்பு 499 டாலராகக் குறைந்தது. அதே 2003இல் அடோபியின் என்கோர் வந்தது. சோனிக் ஃபவுண்டரி நிறுவனத்தின் டிவிடி ஆர்க்கிடெக்டும் அந்த ஆண்டில் வந்து, சோனிக்குக் கைமாறி, 2016இல் மேஜிக்ஸிடம் போய்ச் சேர்ந்தது. மீடியாசான்ஸ் வெளியிட்ட டிவிடி-லேப், படங்களையும் மெனுக்களையும் பெட்டிகளாகக் காட்டி, அவற்றுக்கிடையே கம்பி இழுப்பதுபோல இணைப்புக் கோடுகளை வரையச் செய்து, பெரிய மென்பொருள்களின் வேலையில் பெரும்பகுதியைச் சிறு விலைக்குச் செய்துகாட்டியது. மைக்ரோசாஃப்டோ விஸ்டாவின் சில பதிப்புகளிலும் விண்டோஸ் 7இலும் டிவிடி மேக்கர் என்ற எளிய கருவியை இலவசமாகவே வைத்திருந்து, விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டது.

இவற்றைத் திரையின் தடிமன் கொண்டு பிரித்தால் தெளிவு கிடைக்கும். ஐடிவிடி, விண்டோஸ் டிவிடி மேக்கர், இலவச மென்பொருளான டிவிடி ஃபிளிக் ஆகியவை தடித்த திரை வகை. வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்துப் பெயரை மாற்றலாம், அவ்வளவுதான். நேர்த்தியில் ஐடிவிடியின் வார்ப்புருக்களை மிஞ்சியவை குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் அவை பிறர் வரைந்த பக்கங்கள்.

நடுத்தர வகையில்தான் வாங்குவோரின் கவனம் நிலைக்க வேண்டும். என்கோர் இவ்வகையில் தனித்து நின்றது. ஃபோட்டோஷாப்பில் அடுக்கடுக்காக வரைந்த கோப்பை அப்படியே மெனுவாக ஏற்றுக்கொண்டு, ஓர் அடுக்குத் தொகுதியின் பெயருக்கு முன் (+) என்று இட்டால் அதைப் பொத்தானாகவும், உள்ளடுக்கின் பெயருக்கு முன் (=1) என்று இட்டால் அதை ஒளிரும் படலமாகவும் புரிந்துகொள்ளும் அதன் முறை, வடிவமைப்பாளருக்கு வேறு மொழி கற்கும் தொல்லையைப் போக்கியது. இலவசங்களில் இந்த இடத்துக்கு நெருங்கி வருவது டிவிடிஸ்டைலர். மூலநிரல் திறந்த மென்பொருளான இது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்குகிறது. பின்னணிக்குச் சொந்தப் படத்தையோ வீடியோவையோ வைக்கலாம், பொத்தானை விரும்பிய இடத்துக்கு இழுத்து நிறுத்தலாம், நான்கு திசைத் தாவல்களையும் தனித்தனியே குறிக்கலாம், வேண்டுமானால் பொத்தானுக்கும் பகுதியின் தொடக்க முடிவுகளுக்கும் கட்டளைகளைக் கையாலேயே எழுதலாம். மேலே கூறிய ‘முழுவதும் காண்க’ சிக்கல் இதில் தீர்ந்துவிடுகிறது. இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடமாகக் காட்டாததும், கோப்புகளை உருவாக்கிய பின்பே வேறொரு பிளேயரில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டியிருப்பதும் இதன் குறைகள். மூன்று நான்கு மெனுப் பக்கங்களுக்குள் முடியும் வேலைக்கு அவை பெரிய இடைஞ்சல் அல்ல.

திரையே இல்லாத வகை, டிவிடிஸ்டைலருக்கு அடியில் உண்மையான உழைப்பைச் செய்யும் டிவிடிஆத்தர் என்ற கட்டளைவரி நிரலும், முடிந்த வட்டின் நிரல் சங்கிலிகளைப் பிரித்துத் திருத்தவிடும் பிஜிசிஎடிட்டும் ஆகும். இரண்டும் இலவசம், விதிமுறை அனுமதிக்கும் வழிப்படுத்தலில் இவற்றால் செய்ய முடியாதது சொற்பமே. விலை குறைந்தால் ஆற்றலும் குறையும் என்று நம்புவோர் இந்த வகையின் முன் சற்று நின்று யோசிக்க வேண்டியிருக்கும்.

மென்பொருளைத் தேர்ந்த பின்பும் தமிழ் மெனு தனக்கென்று சில கணக்குகளை வைத்திருக்கிறது. எந்தத் தயாரிப்பாளரின் கையேட்டிலும் அவை பேசப்படுவதில்லை. முதலாவது எழுத்துக் கோர்வை. கொம்பும் துணைக்காலும் மெய்யெழுத்தோடு தத்தம் இடத்தில் சேர்ந்து நிற்க, மென்பொருள் யூனிகோடு எழுத்துகளைச் சரியாக உருவமைக்க வேண்டும்; பழைய ஆத்தரிங் மென்பொருள்கள் பலவற்றில் அந்தத் திறன் இல்லாததால் ‘வரவேற்பு’ என்று தட்டினால் ஏகாரக் கொம்பு வகரத்தின் முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஸ்டூடியோக்கள் நெடுங்காலம் யூனிகோடு அல்லாத எழுத்துருக்களை நம்பியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எளிய மாற்று வழி, எழுத்தையெல்லாம் தமிழைச் சரியாக அமைக்கும் கிம்ப் அல்லது இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலைக் கருவியில் படமாகவே செய்து பின்னணியாக வைத்து, ஆத்தரிங் மென்பொருளில் வெறும் செவ்வகங்களை மட்டும் அவற்றின்மேல் பொருத்துவது. அந்தப் படத்தை எந்த அளவில் வரைவது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் வழங்கும் பிஏஎல் முறையில், ஸ்டூடியோப் பேச்சில் ‘பால்’, சட்டகம் 720க்கு 576 புள்ளிகள். ஆனால் அப்புள்ளிகள் சதுரமானவை அல்ல. அகலத்திரை மெனுவை 1024க்கு 576 என்று வரைந்து பிறகு 720ஆக நெருக்கினால்தான், பார்க்கும்போது மணமக்கள் பருத்தோ மெலிந்தோ தெரியாமல் இருப்பார்கள். ஓரங்களில் பத்தில் ஒரு பங்கை எழுத்தில்லாமல் விடுவதும் பழைய நல்வழக்கம், ஏனெனில் தொலைக்காட்சிகள் விளிம்பை விழுங்கும் பழக்கத்தை இன்னும் முழுதாக விடவில்லை.

இரண்டாவது, புள்ளி. பிஏஎல் படம் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறி வரையப்படும் பின்னல் முறையில் அமைவதால், ஒரே ஒரு வரி உயரமுள்ள எதுவும் திரையில் துடிக்கும். அதோடு எம்பெக்-2 சுருக்கமும் சேர்ந்தால் சின்னஞ்சிறு விவரங்கள் மங்கிப்போகும். ஆங்கில எழுத்துக்கு இதனால் பெரிய கேடில்லை. தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளிதான் முதல் பலி. ‘முகூர்த்தம்’ என்பது ‘முகூரததம’ என்று நிற்கும். புள்ளி தடித்த எழுத்துருவைத் தேர்வதும், எழுத்தின் அளவைக் கணினித் திரையில் போதும் என்று தோன்றுவதைவிடக் கூட்டிவைப்பதும், செங்குத்தாக மிக லேசாக மங்கலாக்குவதும் இதற்குரிய வைத்தியம். நிறத்திலும் இதுபோன்ற ஒரு பொறி இருக்கிறது: டிவிடியில் ஒளியளவு ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவாக, நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகவே பதிவாகிறது, பட்டுச் சிவப்பின்மேல் பச்சை எழுத்து வைத்தால் விளிம்பு கரைந்து வழிவது அதனால்தான். மஞ்சள் கலந்த வெள்ளை எழுத்தை இருண்ட நிறத்தின்மேல் வைத்தால், ஒளியளவில் உள்ள வேறுபாடே எழுத்தைக் காப்பாற்றிவிடும்.

மூன்றாவது, ஒளிரும் விதம். நான்கே நிறம் உள்ள படலத்தால் தமிழ் எழுத்தின் வளைவுகளை வழவழப்பாக மூட முடியாது; தேர்ந்தெடுத்த சொல்லின் நிறமே மாற வேண்டும் என்று முயன்றால் ‘ழ’வும் ‘ஞ’வும் பல்பல்லாக அரிந்த விளிம்போடு நிற்கும். சொல்லைத் தொடாமல் அதன் கீழ் ஒரு தடித்த கோடோ, பக்கத்தில் ஒரு சிறு குத்துவிளக்கோ ஒளிரச் செய்தால் போதும், பார்ப்பதற்கும் அதுவே நன்று. சொந்தமாகப் படலம் வரைய இடம் தருகிறதா என்பது ஆகவே மென்பொருளிடம் கேட்க வேண்டிய கேள்வி. டிவிடிஆத்தருடன் வரும் ஸ்பூமக்ஸ் என்ற துணைநிரல் நான்கு நிறத்துக்கு உட்பட்ட எந்தப் படத்தையும் படலமாக ஏற்றுக்கொள்கிறது.

மெனு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் தேவையற்றது. ஒற்றை அடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, அதாவது 3,760 கோடி பிட். 2 மணி நேரப் படத்துக்கு அதைப் பங்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 52 லட்சம் பிட் கிடைக்கிறது, 3 மணி நேரத் திருமணத்துக்கு 35 லட்சத்துக்குச் சற்றுக் குறைகிறது. விநாடிக்கு 60 லட்சம் பிட் வீதம் 30 விநாடி ஓடும் மெனு எடுத்துக்கொள்வது 22.5 எம்பி, வட்டில் அரை விழுக்காடு. உண்மையில் இடத்தைத் தின்பது ஒலிதான். சுருக்கப்படாத இரட்டைத்தட ஒலி விநாடிக்கு 15 லட்சம் பிட்டைத் தாண்டுகிறது, டால்பியின் ஏசி-3 முறையில் அதே ஒலி 2 லட்சம் பிட்டிலேயே அடங்கிவிடுகிறது. ஏசி-3க்கும் எம்பெக்-2க்கும் காப்புரிமைக் கட்டணம் இருந்த காலத்தில் மலிவு மென்பொருள்கள் சில அந்த வசதியைத் தனி விலைக்கு விற்றன. ஏசி-3இன் காப்புரிமை 2017இலும், எம்பெக்-2க்கு அமெரிக்காவில் எஞ்சியிருந்த கடைசிக் காப்புரிமை 2018இலும் காலாவதியாகிவிட்டதால், இன்றைக்கு அதற்குக் காசு கேட்கும் மென்பொருளைச் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை.

சிக்கனம் என்று சொல்லும்போது இன்னொரு செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: மென்பொருளின் ஆயுள். ஐடிவிடியும் டிவிடி ஸ்டூடியோ புரோவும் 2011இல் வழக்கொழிந்தன. என்கோர் 2012இல் வந்த சிஎஸ்6 தொகுப்போடு நின்றது. பழைய பதிப்பைக் குறைந்த விலைக்குக் கண்டுபிடித்து வாங்குவோர், இயங்க அனுமதி தரும் இணைய வழங்கி இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். அது இல்லையேல் வரிசை எண் கையில் இருந்தும் கணினியை மாற்றும் நாளில் மென்பொருள் செத்த காசு. வேலைக் கோப்புகளின் கதியும் அதுவே. மணமக்கள் பத்தாண்டு கழித்து வந்து ஒரு பெயர் எழுத்துப்பிழையாக இருக்கிறது என்றால், மூடிய வடிவக் கோப்பைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். டிவிடிஆத்தரின் திட்டக் கோப்போ எந்த எழுது கருவியிலும் திறந்து படிக்கக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு, பெரும்பாலும் அது நிறுவும்போது கேளாமல் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் விளம்பர நிரல். உருவாக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்து பதிவிறக்கி, நிறுவும் ஒவ்வொரு பக்கத்திலும் குறியிட்ட கட்டங்களைப் படித்து நீக்கினால் அது தவிர்க்கப்படும்.

சோதனைக்கு, அழித்து எழுதத்தக்க ஆர்டபிள்யூ வட்டு ஒன்று போதும். கணினியில் சரியாக ஓடியது மலிவான பழைய பிளேயரில் தடுமாறுவது வழக்கம் என்பதால், வீட்டில் கிடக்கும் பிளேயர்களில் மிக மோசமானதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. அதில் ஓட்டிப் பார்க்கும்போது, நாதஸ்வரம் பின்னணியில் ஒலிக்கும் 30 விநாடி மெனு முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில், லேசர் முனை பழைய இடத்துக்குத் திரும்பிச் செல்வதற்காகப் படமும் ஒலியும் ஒரு கணம் நின்று தொடர்வது காதில் படும். முதன்முறை மெனு செய்பவர்கள் இதைத் தங்கள் மலிவு மென்பொருளின் குறை என்று எண்ணி வேறொன்றுக்குப் பணம் கட்டுவதுண்டு. ஹாலிவுட் வட்டுகளிலும் அந்த இடைவெளி இருக்கிறது. தேர்ந்தவர்கள் செய்வதெல்லாம் கடைசி இரண்டு விநாடிகளில் வாசிப்பை மெல்லத் தணித்து, படத்தையும் இருட்டுக்குள் இறக்கி, தட்டுப்பட வேண்டிய இடைவெளியை மௌனத்துக்குள் மறைத்துவிடுவதுதான்.